ஐயரம்மா பதில்கள்: மைக் செட்காரருக்கும் நன்றி சொன்னார்கள்

ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையும் அசன விருந்தும் முடிந்த கையோடு பேனாவை எடுத்திருப்பீர்கள் போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே சங்கதிதான்: உழைக்கிறோம், பலனைக் காணோம். ஆகவே மற்றக் கேள்விகளை (மருமகள் சபை மாறிய விவகாரம், ஞானஸ்நானத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்பது) அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஐயரம்மா அவர்களுக்கு ஸ்தோத்திரம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். போன பிரதிஷ்டைப் பண்டிகையில் மேடையில் ஆளாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பந்தல்காரருக்கும் மைக் செட்காரருக்கும்கூட நன்றி சொன்னார்கள். எங்கள் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைகளும் குறைந்துபோனார்கள். ஞாயிறு காலையிலேயே டியூஷன், நீட் கோச்சிங் என்று போய்விடுகிறார்கள். ஒன்பது பேர் வந்தால் அதிசயம். விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன். அது தப்பா?
— ஓர் ஆசிரியை, நாசரேத் பக்கம்

பதில்: விடுவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன் தாயீ. மனம் நொந்ததும் தப்பில்லை. ஆனால் மைக் செட்காரர் விஷயத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். அவருக்கு நன்றி சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் கூப்பிட்ட நாளில் வரமாட்டார். நீங்கள் எப்படியும் அடுத்த ஞாயிறு வந்து நிற்பீர்கள் என்று கமிட்டியில் எல்லோருக்கும் தெரியும். நம்பிக்கையான ஆளைத்தான் மறப்பார்கள். இது நியாயம் என்று சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் சேகரகுருவாக (பல சபைகளுக்குப் பொறுப்பான போதகராக) இருந்த ஊர்களில் நன்றியுரைச் சீட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவசரமாக எழுதியிருப்பார்கள். முதலில் பணம் கொடுத்தவர், அடுத்து பொருள் கொடுத்தவர், அதற்கடுத்து வெளியூரிலிருந்து வந்தவர். வாராவாரம் கையில் சாக்பீஸ் தூளோடு நிற்கிறவருக்கு அந்தத் தாளில் இடமே இருக்காது.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் பாருக்குதான் என் நினைவுக்கு வந்தார். பிரசங்கத்தில் அதிகம் அடிபடாத பெயர். எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, மையினால் சுருளில் எழுதியவர். எரேமியா ஆலயத்துக்குள் போக முடியாதபடி தடை இருந்ததால், உபவாச நாளில் அதை ஜனங்களுக்கு வாசித்துக் காட்டியவரும் அவரே. சுருள் கடைசியில் ராஜா யோயாக்கீமிடம் போயிற்று. குளிர்காலம், ராஜாவுக்கு முன்னால் கணப்பு எரிகிறது. யெகுதி என்பவன் மூன்று நாலு பத்தி வாசிக்கிறான். ராஜா சூரிக்கத்தியை எடுத்து அந்தத் துண்டை அறுத்து நெருப்பில் போடுகிறான். மறுபடி வாசிப்பு, மறுபடி கத்தி. சுருள் தீருகிறவரைக்கும் இப்படியே. எரேமியா 36-ஐ எடுத்து நிதானமாக வாசியுங்கள். ஒருவர் கண்விழித்து எழுதியது முழுவதும் ஒரே உட்காரலில் சாம்பலாகிறது. அதற்குப்பின் கர்த்தர் சொன்னது என்ன? இன்னொரு சுருளை எடுத்து முதலிலிருந்து எழுது என்பதுதான். பாருக்கு எழுதினார். முன்னே இல்லாத பல வார்த்தைகளும் அதில் சேர்ந்தன என்று அதிகாரம் முடிகிறது.

அவர் புலம்பாத ஆளும் இல்லை. “என் தவிப்பினால் இளைத்தேன், இளைப்பாறுதலைக் காணாதேபோனேன்” என்று சொன்னவர். 45-ஆம் அதிகாரம் மொத்தமே ஐந்து வசனம், ஐந்தும் இந்த ஒரு மனுஷருக்காகவே எழுதப்பட்டது. கிடைத்த பதிலோ தட்டிக்கொடுக்கிற பதிலாக இல்லை: “நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே.” கூடவே, நீ எங்கே போனாலும் உன் உயிர் உனக்கு மிஞ்சும் என்று ஒரு வாக்கு. அவ்வளவே. பதவி கிடையாது, பாராட்டுக் கூட்டம் கிடையாது. ஆனால் அந்த அதிகாரத்துக்குப் போட்டிருக்கிற தேதியைப் பாருங்கள்: யோயாக்கீமின் நாலாம் வருஷம். பாபிலோனும் எகிப்தும் கர்கேமிசில் மோதிக்கொண்ட அதே வருஷம். இரண்டு வல்லரசுகள் அடித்துக்கொள்கிற நேரத்தில் எழுத்துவேலை செய்கிற ஒருவரின் முணுமுணுப்பு பரலோகத்தில் கேட்டிருக்கிறது. பெயர் சொல்லிப் பதிலும் வந்திருக்கிறது. நீங்கள் ஏங்குவதும் இதற்குத்தானே? பொன்னாடை கிடைத்திருந்தால் அது இந்நேரம் பீரோவில் மடித்துக் கிடக்கும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு அடுக்கு இருக்கிறது, நைலான் ஜரிகை, தலையணை உறைக்குக்கூட ஆகாது.

இனி காரியத்துக்கு வருவோம். நொந்த மனதோடு எந்த முடிவும் எடுக்காதீர்கள். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி முடியட்டும். அதன்பிறகும் போக மனமில்லை என்றால் சேகரகுருவிடம் நேரே சொல்லி, ஆறு மாதம் ஓய்வு கேளுங்கள். பண்டிகையில் விட்டுப்போனதையும் அவரிடமே சொல்லுங்கள். மனதில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நாலு பேரிடம் சொல்வதைவிட அது நல்லது. ஞாயிறு காலைதான் இடைஞ்சல் என்றால் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு வகுப்பை மாற்றிப் பாருங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு சேகரத்தில் மாற்றினார்கள். டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு சுண்டலும் உண்டு என்றதும் கூட்டம் பரவாயில்லை. ஒன்பது பேர் என்று குறைத்துச் சொல்லாதீர்கள். நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் எந்தப் பிள்ளை வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்தார் என்பது ஆசிரியைக்குத் தெரியாது. ஒன்பது பேரில் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

கேள்வி: கிறிஸ்தவ நிர்வாகம் நடத்துகிற ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. கேட்டால், காலை ஜெபத்தில் “எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்” என்ற வசனத்தை வாசிக்கிறார்கள். கர்த்தர் பலன் தருவார், இது ஊழியம் என்கிறார்கள். சம்பளம் கேட்பது விசுவாசக் குறைவா?
— பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இல்லை. கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், தனியாகப் போகாமல் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

அந்த வசனம் கொலோசெயர் 3:23. பவுல் அதை எழுதியது சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிற நிர்வாகிக்கு அல்ல. கேள்வி கேட்க வழியே இல்லாத அடிமை வேலைக்காரருக்கு. உன் எஜமான் உன்னை மதிக்காவிட்டாலும் உனக்கு மேலே ஒருவர் கணக்கு வைத்திருக்கிறார் என்று அவர்களைத் தேற்றுவதற்காக எழுதினார். அடுத்த மூச்சிலேயே எஜமான்கள் பக்கம் திரும்புகிறார்: “எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறாரென்று அறிந்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்.” இது 4-ஆம் அதிகாரத்தின் முதல் வசனமாக விழுந்துவிட்டது. அதிகாரம் முடிந்தது என்று வேதத்தை மூடிவிடுகிறார்களோ என்னவோ. அடுத்த முறை காலை ஜெபத்தில் உங்களை வாசிக்கச் சொன்னால், நிறுத்தாமல் அந்த ஒரு வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். மரியாதையாகவே வாசியுங்கள்.

கூலி விஷயத்தில் வேதம் வளைந்துகொடுப்பதே இல்லை. “கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது” என்கிறது லேவியராகமம் 19:13. உபாகமம் 24-ல் பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்கிறது. யாக்கோபு இன்னும் ஒரு படி மேலே போகிறார்: அநியாயமாய்ப் பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவிக்கு எட்டியிருக்கிறது என்கிறார் (5:4). நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அந்த மூன்று மாதச் சம்பளம் கத்திக்கொண்டுதான் இருக்கிறது.

கர்த்தர் பலன் தருவார் என்ற வார்த்தையை வேலை செய்கிறவர் சொல்லலாம். ராத்திரி டியூட்டியில், யாரும் பார்க்காத நேரத்தில், நினைவில்லாத நோயாளிக்கு நீங்கள் வாய் துடைத்துவிடும்போது சொல்லிக்கொள்ளுங்கள். அது உங்கள் சொத்து. கூலி கொடுக்கவேண்டியவர் அதையே சொன்னால், தன் கடனைக் கடவுள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம்.

மருத்துவமனை உண்மையிலேயே நொடிந்துபோயிருக்கலாம். அப்படியானால் கணக்கைக் காட்டட்டும், எந்தத் தேதிக்குள் எவ்வளவு என்று எழுதித் தரட்டும். பெரிய சம்பளக்காரர்களுக்கு மட்டும் மாதாமாதம் போகிறதா என்றும் பாருங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். அப்படிச் செய்வதால் உங்கள் சாட்சி கெட்டுப்போகாது. பவுலே தன் வழக்கை ரோமப் பேரரசனான இராயனிடம் கொண்டுபோனவர்தான்.

கேள்வி: திராட்சத்தோட்ட உவமையில் கடைசி மணி நேரம் வந்தவனுக்கும் அதே கூலி. அப்படியென்றால் காலையிலிருந்து உழைத்தவன் ஏமாளிதானே?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, திருநெல்வேலியில் விடியற்காலை பஸ் ஏறும்போது, முக்குகளில் தூக்குவாளியோடு நிற்கிற கொத்தனார், சித்தாள் கூட்டத்தைப் பார்த்திருப்பாய். எட்டு மணிக்குள் வாட்டசாட்டமானவர்களை மேஸ்திரிகள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பத்து மணிக்கும் நிற்கிறவர் யார்? வயசானவர், கை நடுங்குகிறவர், கைப்பிள்ளையோடு வந்தவள். மத்தேயு 20-ல் சாயங்காலம் ஐந்து மணிக்கு நின்றவர்களும் சோம்பேறிகள் இல்லை. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை” என்றார்கள். நாள் முழுக்க வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டு நிற்பது வெயிலில் வேலை செய்வதைவிடக் கொடுமை. அவர்கள் எல்லோருக்கும் கிடைத்த ஒரு பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தின் அன்றாடச் சோறு. அதை ஒரு மணி நேரத்துக்கு என்று பங்குபோட்டுக் கொடுத்தால் வீட்டில் உலை ஏறாது. தோட்டத்துச் சொந்தக்காரர் பார்த்தது மணிக்கணக்கை இல்லை, உலையை.

முந்திவந்தவனுக்கு ஒரு காசும் குறையவில்லை என்பதையும் கவனி. அவனுக்கு எரிந்தது பக்கத்து ஆள் கையில் இருந்த காசைப் பார்த்து. பவுல் வேறோர் இடத்தில் அவனவன் தன்தன் வேலைக்குத்தக்க கூலியைப் பெறுவான் என்றும் சொல்கிறார் (1 கொரிந்தியர் 3:8). இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டுப் பெரியவர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். உன் வயசுக்கு இப்போதைக்கு இது போதும்: உன் உழைப்பு வீணாகாது, அடுத்தவன் பங்கை எண்ணுவது உன் வேலையும் இல்லை. அரியர் இருந்தால் முதலில் அதை முடி.

கேள்வி: எனக்கு முப்பத்தெட்டு வயது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததால் துபாய் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அம்மாவுக்குப் பேச்சு இல்லை, எழுந்திருக்க முடியாது. நான் முன்பு வாலிபர் ஊழியத்தில் மும்முரமாக இருந்தவன். இப்போது ஆராதனைக்குக்கூட ஒழுங்காகப் போக முடியவில்லை. “ஊழியம் செய்கிற வயசில் வீட்டில் முடங்கிவிட்டானே” என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். சில ராத்திரிகளில் எனக்கே செத்துப்போகலாம் போலிருக்கிறது. இதற்கெல்லாம் தேவனிடத்தில் பலன் உண்டா?
— களக்காடு வாசகர்

பதில்: மகனே, கடைசிக்கு முந்தின வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்த நினைப்பு வருகிற ராத்திரியில் தனியாக இருக்காதே. அண்ணன் தம்பி, போதகர் ஐயர், கூட்டாளி, யாரையாவது எந்த நேரமானாலும் போனில் எழுப்பு. 104-க்கு அடித்தாலும் பேச ஆள் இருக்கிறது. தூக்கமில்லாமலே இருந்தால் டாக்டரிடமும் சொல். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. எலியா அப்படிப்பட்ட தீர்க்கதரிசி. கர்மேலில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கின கையோடு வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டவர். கர்த்தர் அவரை அதட்டவில்லை. பிரசங்கமும் வைக்கவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பினபோது தலைமாட்டில் தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் தட்டி எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்றார் தூதன், நீ போகவேண்டிய தூரம் அதிகம் என்பதால். சோர்ந்துபோன ஊழியக்காரனுக்குத் தேவன் முதலில் கொடுத்த பலன் சோறும் தூக்கமும். அதற்குப்பிறகுதான் ஓரேப் மலையில் மற்றப் பேச்செல்லாம். கூடவே எலிசா என்று ஒரு துணையாளும் கிடைத்தார்.

உனக்கும் முதலில் அதுதான் வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிவிட வேண்டும், ராத்திரியும். முதுகெலும்பின் அடிமுனையிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சேலை மடிப்பு முதுகுக்கடியில் சுருண்டிருந்தாலே அங்கே புண் வைத்துவிடும். என் மாமியாரை நான் பார்த்தேன், அதனால் தெரியும். இதை ஓர் ஆள் வருஷக்கணக்கில் செய்ய முடியாது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அம்மா பெயரைப் பதிந்துகொள். 2021-லிருந்து அது நடக்கிறது. பிசியோதெரபியும், படுக்கையாளர்களுக்கான பராமரிப்பும் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரிடம், பாட்டுப்பாடி ஜெபித்துவிட்டுப் போனால் போதாது, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் யாராவது அம்மா பக்கத்தில் உட்காருங்கள், நான் ஆராதனைக்குப் போய் வருகிறேன் என்று நேராகக் கேள். நான் சொன்னேன் என்று சொல்.

ஊழியம் விஷயத்துக்கு வருகிறேன். மாற்கு 7-ல் இயேசு யாரைக் கடிந்துகொண்டார்? தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை. பெற்றவளைப் படுக்கையில் விட்டுவிட்டு வாலிபர் முகாமுக்குப் போவதுதான் ஊழியம் என்று சொல்கிற உன் சொந்தக்காரர்களுக்கு அந்தப் பகுதியை வாசித்துக் காட்டலாம். பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்தில், பெற்றோருக்குப் பதில் நன்மை செய்வது தேவனுக்கு முன்பாகப் பிரியமானது என்கிறார் (5:4). இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நீ இருப்பது களக்காடு. டோனாவூர் உனக்குப் பக்கம். ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே குழந்தைகளுக்காக ஒரு வீட்டைக் கட்டியெழுப்பியதை உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். 1931-ல் உங்கள் ஊரில்தான் அவர் விழுந்து அடிபட்டார். 1951-ல் கண்மூடும்வரை பெரும்பாலும் அறையும் படுக்கையும்தான். அந்த அறையிலிருந்து அவர் எழுதியதெல்லாம் அச்சில் இருக்கிறது. அத்தனை வருஷமும் அவரைத் தூக்கி உட்காரவைத்தது, தலையணை மாற்றியது, பெட்பேன் எடுத்துக் கழுவியது யாருடைய கைகள்? அந்தக் கைகள் இல்லாமல் அந்த எழுத்தும் இல்லை. நான் டோனாவூர் போனபோதெல்லாம் அவர்களைப் பற்றித்தான் யோசித்தேன்.

கேள்வி: ஒரு சிறிய கிராமத்தில் உபதேசியாராக இருக்கிறேன். எத்தனையோ வருஷமாகப் பாடுபட்டும் சபை வளர்ந்தபாடில்லை. பக்கத்து ஊரில் புதிதாக வந்தவர் ஒரே வருஷத்தில் கூரைக்கொட்டகையை கான்கிரீட் ஆக்கிவிட்டார். என் பிரயாசம் வீணா?
— ஓர் உபதேசியார், தேரிக்காட்டுப் பகுதி

பதில்: கான்கிரீட்டை வைத்து ஊழியத்தை அளந்தால் இடையன்குடி ஆலயத்தைப் பற்றி என்ன சொல்வீர்கள் ஐயா? கால்டுவெல் 1847-ல் அஸ்திவாரம் போட்டார், பிரதிஷ்டை நடந்தது 1880-ல். நடுவில் முப்பத்துமூன்று வருஷம். அஸ்திவார நாளில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பிள்ளை பேரப்பிள்ளையோடு பிரதிஷ்டைக்கு வந்திருக்கும்.

கட்டடத்தை விடுங்கள். நாம் கையில் வைத்திருக்கிற தமிழ் வேதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். இரண்டு வருஷம் கழிந்து, 1708-ல், அவரை அங்கிருந்த டேனிஷ் அதிகாரியே சிறையில் போட்டான். வெளியே வந்து புதிய ஏற்பாட்டை 1711-ல் தமிழில் முடித்தார். அச்சடிக்க ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்தன. அந்த அளவில் அடித்தால் காகிதம் காணாது. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து 1715 வாக்கில் வெளிக்கொண்டுவந்தார்கள். பழைய ஏற்பாட்டைத் தொடங்கி ரூத் புத்தகம் வரைக்கும் வந்தார். 1719-ல் முப்பத்தாறு வயதில் இறந்துவிட்டார். ரூத்தோடு நின்றுபோயிற்று. சங்கீதம் இல்லை, ஏசாயா இல்லை. மிச்சத்தை சூல்ட்சே என்பவர் வந்து முடித்தார்.

பின்னாலே பெப்ரிசியுஸ் என்ற ஜெர்மன் மிஷனரி வந்தார், 1740-ல். இவர் கதை உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். சென்னை வேப்பேரியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, வேதத்தைத் தமிழர் காதுக்குப் பொருந்துகிறமாதிரி திருத்தித் திருத்தி எழுதினார். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரரிடமிருந்து எடுத்த அச்சுக்கூடம் வேப்பேரிக்கு வந்தது. அதில்தான் அவர் புதிய ஏற்பாடு 1772-ல் அச்சானது. 1779-ல் அகராதியும் போட்டார். ஆனால் கொடுக்கல் வாங்கலில் மனுஷர் சூதானமில்லாதவர். மிஷன் பணம் வட்டி விவகாரத்தில் மாட்டி, கடனாளிச் சிறைக்கே போக நேர்ந்தது. 1791-ல் இறந்தபோது அவரை வெற்றி பெற்ற ஊழியக்காரர் என்று ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் பிறகு வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் அவர் போட்ட வரப்பில்தான் நடந்தார்கள். இன்று நீங்கள் பிரசங்க பீடத்தில் வாசிக்கிற வசனத்தின் ஓசையில் அவர் பங்கு இருக்கிறது.

“விதைக்கிறவன் ஒருவன், அறுக்கிறவன் ஒருவன்” என்று ஆண்டவர் சொன்னது யோவான் 4-ல். பக்கத்து ஊர்க்காரர் ஒரே வருஷத்தில் அறுத்தார் என்றால், அவருக்கு முன்னால் அங்கே யார் விதைத்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். ஒரு பழைய உபதேசியார் பெயர் அகப்பட்டாலும் அகப்படும். எரேமியா இருபத்துமூன்று வருஷம் பிரசங்கித்துவிட்டு, நீங்கள் கேட்கவில்லை என்று பதிவுசெய்தார் (25:3). அவரைத் தோற்றுப்போனவர் என்று யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். வீணா வீணா என்று கேட்டுக்கொண்டே, வீடு சந்திப்பை நிறுத்திவிடாதீர்கள். சபை வளராததற்கு நம் பக்கத்துக் காரணமும் இருக்கலாம், போனால்தான் தெரியும்.

கேள்வி: பலன் கிடைக்கும் என்று எதிர்பார்த்து நன்மை செய்வது வியாபாரம் இல்லையா? எதையும் எதிர்பாராமல் செய்வதல்லவா உயர்ந்தது?
— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, நாகர்கோவில்

பதில்: அண்ணாச்சி, பென்ஷன் வாங்கிக்கொண்டு கேட்கிற கேள்வி இது. சும்மா சொன்னேன்.

வியாபாரத்தில் இன்னதுக்கு இன்னது என்று முன்கூட்டிப் பேசி முடிப்போம். வேதம் சொல்கிற பலனில் அளவு நம் கையில் இல்லை. தேவனிடத்தில் சேருகிறவன், அவர் உண்டென்றும் அவர் பலன் அளிக்கிறவரென்றும் விசுவாசிக்க வேண்டும் என்கிறது எபிரெயர் 11:6. அவர் கொடுக்கிற சுபாவம் உள்ளவர் என்று நம்பு என்பதே அது. நான் எதையும் எதிர்பார்க்கமாட்டேன் என்று சொல்கிறவரிடத்தில் சிலசமயம் ஒரு மிடுக்கு தெரியும், நான் யாரிடமும் வாங்கிப் பழக்கமில்லை என்கிற மாதிரி. தேவனிடத்திலும் அப்படி இருந்துவிட முடியுமா?

ரூத் புத்தகத்தைப் பாருங்கள். உன் செய்கைக்குத்தக்க பலனைக் கர்த்தர் உனக்குக் கட்டளையிடுவாராக என்று, தன் வயலில் கதிர் பொறுக்க வந்த விதவை ரூத்தை வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் வாழ்த்துகிறார். வாழ்த்திவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டு வறுத்த கோதுமை கொடுக்கிறார்; வேலைக்காரரைத் தனியே அழைத்து, அரிகளில் சிலதை அவளுக்காக வேண்டுமென்றே சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்கிறார். சாயங்காலம் அவள் தட்டி அளந்தபோது மாமியாருக்கும் சேர்த்துப் பல நாளைக்குக் காணும். கர்த்தர் கொடுத்த பலன்தான், போவாசின் வயல் வழியாக வந்தது.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் மணி அடித்து, கூட்டிப் பெருக்கி, கல்லறைக்குழி வெட்டுவதுவரை பார்த்த பெரியவர் ஓய்வுபெறுகிறார். கேடயம் கொடுக்கிறோம். பொருத்தமான ஒரு வசனம் சொல்லுங்கள்.
— சபை மன்றச் செயலாளர், சாத்தான்குளம் வட்டாரம்

பதில்: எபிரெயர் 6:10. “உங்கள் கிரியையையும்” என்று தொடங்கி “மறந்துவிடுகிறதற்கு தேவன் அநீதியுள்ளவரல்லவே” என்று முடிகிறது. நீளமான வசனம், கேடயத்தில் முழுதும் பிடிக்காது. கடைசிப் பகுதியை மட்டும் போடுங்கள். அவர் பெயரை ஆலயப் பதிவேட்டைப் பார்த்துச் சரியாக எழுதுங்கள், ‘மணியடி தாத்தா’ என்று போட்டுவிடாதீர்கள்.

கேடயம் சின்னதாக இருக்கட்டும். மிச்சப் பணத்தை அவர் பெயரில் வங்கியில் போடுங்கள், மாதாமாதம் ஏதாவது வரும்படி. அவருக்கு இத்தனை வருஷமும் என்ன சம்பளம் கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, விட்டுப்போனது ஏதாவது இருந்தால் விழாவுக்கு முந்தின சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். கண்புரை ஆபரேஷன் ஆகவில்லை என்றால் அதற்கும் யாராவது அழைத்துக்கொண்டு போங்கள். மணி அடிக்க அடுத்த ஆளைப் பார்த்துவிட்டீர்களா?